பிள்ளையின் விருப்பமும் நீதிமன்றமும்

நம் புனே நகருக்கு வடக்கே, ராஜகுருநகரை அடுத்த குன்றொன்றின்மேல் சஹ்யாத்ரி பள்ளி விளங்குகின்றது. தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விக் கொள்கையைத் தழுவி 1995இல் தோன்றிய பள்ளி அது. அவ்வறிஞரே இளமையில் ஒரு பெரும் வழக்குக்குக் காரணமாயிருந்தார். பெற்றவருக்குப் பிள்ளைமீதுள்ள உரிமையின் எல்லை யாது என்பதே அவ்வழக்கில் எழுந்த கேள்வி.

சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையில் பணியாற்றிய நாராயணய்யா, தாயை இழந்த தம் மக்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரின் பொறுப்பையும் 1910 மார்ச்சில் அன்னி பெசன்ட் அம்மையாருக்கு எழுதிக் கொடுத்தார். அம்மையார் 1912இல் அவர்களை இங்கிலாந்தில் கல்வி பயில விட்டு வந்தார். அவ்வாண்டே தந்தை மனம் மாறி வழக்குத் தொடுத்தார். அப்போது மூத்தவருக்கு வயது 17, இளையவருக்கு 14. தந்தைக்காக சி. பி. ராமஸ்வாமி அய்யர் வாதாடினார். அம்மையாரோ தமக்காகத் தாமே வாதாடினார். 1878இல் இங்கிலாந்து நீதிமன்றத் தீர்ப்பால் சொந்த மகளையே பிரிய நேர்ந்தவர் அவர் என்பது எண்ணத்தக்கது.

1913 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; அக்டோபரில் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. ஆனால் 1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. தந்தையின் உரிமை பிள்ளையின் நன்மைக்காக அவரிடமுள்ள பொறுப்பேயாகும். அதனை மீட்கவொண்ணாதபடி பிறருக்குக் கொடுத்துவிட அவரால் இயலாது. ஆயினும் ஒப்படைத்த பின்பு பிள்ளையின் வாழ்வு ஒரு வழியில் அமைந்துவிடுமாயின், அதைக் கலைப்பது அப்பிள்ளைக்கு நன்மையாகுமா என்று நீதிமன்றம் ஆராய வேண்டும். அச்சிறுவர்களோ இங்கிலாந்தில் இருந்தனர்; சென்னை வழக்கில் கட்சிக்காரராகவும் சேர்க்கப்படவில்லை. யாரைப் பற்றி வழக்கோ, அவர்களின் குரல் அங்கே ஒலிக்கவில்லை!

மைனர் ஒருவரைப் பெற்றோரிடமிருந்து அடியோடு விடுவிக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பியவரே மேஜர். நீதிமன்றம் கார்டியன் நியமித்த பிள்ளைக்கு 21 என்றிருந்த விதியும் 1999இல் நீங்கிற்று. எனினும், பகுத்தறிந்து சொல்லக்கூடிய பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கருதலாம் என்று 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டம் கூறுகின்றது. பிள்ளையின் நலனே தலையாயது என்பது 1956ஆம் ஆண்டின் இந்துச் சட்டம்.

பிழைப்பை நாடித் தமிழகம் விட்டு வந்த நாம், நம் மக்களுக்குரிய பள்ளியையும் படிப்பையும் நாமே முடிவு செய்கின்றோம். அவர்கள் நன்மை கருதியே செய்கின்றோம் என்பதில் ஐயமில்லை. அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டோமா? நீதிபதி கேட்க வேண்டிய நிலை வருமுன் நாமே கேட்பது நம் இல்லங்களுக்கு அழகன்றோ!