அரியலூர்க் கல்லும் அதைப் பார்க்கும் உரிமையும்

செந்துறையில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் மலை எதுவும் தெரியாது. முந்திரிக் காடு, வறண்ட ஓடை, சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதி, அவ்வளவுதான். கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களுக்கு இங்கே ஒரு வேலையும் கிடையாது. இருந்தும் நூற்றெண்பது ஆண்டுகளாகப் பாறையைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து போகும் வட்டாரம் இது. இங்கே பாறை காலடியில் கிடக்கிறது. அதை யார் பார்க்கலாம், யார் தொடலாம், யார் எடுத்துப் போகலாம் என்ற கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம்.

முதலில் கல்லைப் பற்றி. கிரிட்டேசியஸ் காலத்தில் இப்பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. கடல் ஏறியும் இறங்கியும் விட்டுப்போன படிவுகளைப் புவியியலாளர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்கள். கிளிஞ்சல், நத்தை போலச் சுருண்ட அம்மோனைட், சுறாப்பல் என்று அவற்றில் இல்லாதது குறைவு. செந்துறைப் பக்கத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கல்லமேடு படிவுகளில் டைனோசர்களின் கடைசிக் காலம் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள நின்னியூர் படிவுகளில் டைனோசர் இல்லாத உலகம் தொடங்கிவிடுகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவின் இரண்டு பக்கமும் சில கிலோமீட்டருக்குள்!

இந்தச் செல்வத்தை வெளியுலகுக்குக் காட்டியவர்கள் கம்பெனி ஆட்சிக்கால அதிகாரிகள். 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்த படிமங்கள் லண்டன் போயின. எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846ல் வெளியிட்டார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு நிலத்தை அளந்து வரைபடம் போட்டார். மேலே சொன்ன மூன்று தொகுதிப் பிரிவு அவருடைய 1862ஆம் ஆண்டு நூலில் வந்ததே. மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா 1873 வரை தென்னிந்திய கிரிட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றிப் பெரும் தொகுதிகளாக எழுதிக் குவித்தார். அடுத்த ஆண்டே யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் காரகோரத்தில் இறந்துபோனார். அவர் ஆராய்ந்த மாதிரிகள் கல்கத்தாவில் சேர்ந்தன. அரியலூர்க் கல்லைப் பார்க்க அரியலூர்க்காரன் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போக வேண்டும் என்ற நிலை அப்போதே உருவாகிவிட்டது.

(பழைய நூல்களில் தேடுகிறவர்கள் இன்னொரு சிக்கலையும் சந்திப்பார்கள். எல்லா இடமும் 'திருச்சிராப்பள்ளி மாவட்டம்' என்றுதான் இருக்கும். 1995ல் பெரம்பலூர் பிரிந்தது, 2001ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002ல் மறுபடி சேர்த்தார்கள், 2007ல் மறுபடி பிரித்தார்கள். கல் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.)

நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தே இங்கு எல்லாம் நடக்கிறது. வேலி போட்டுக் காக்கப்படும் இடத்துக்கு நல்ல உதாரணம் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரம். 1940ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. 18 மீட்டர் நீளத்துக்கு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம், எடுத்துப் போக முடியாது. இந்த ஏற்பாடு எளிதாக அமைந்ததற்குக் காரணம், அது ஒரே ஒரு மரம். அதைச் சுற்றி வேலி போட முடிந்தது. பல நூறு சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் கடலடியைச் சுற்றி வேலி போட முடியுமா?

மற்ற இடங்களெல்லாம் பட்டா நிலம், புறம்போக்கு, அல்லது சுரங்கக் குத்தகை. சுரங்கம்தான் இதில் விசித்திரமானது. 1939ல் டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு அரியலூரைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பெருகின. ஆலைக்கு வேண்டிய சுண்ணாம்பு எது? அந்தப் பழங்கடல் உயிரினங்களின் ஓடுதான். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கும். அவை அரைபட்டு, வெந்து, மூட்டையாகி, யாரோ ஒருவர் வீட்டுச் சுவராகின்றன. ஆகவே சுரங்கம் படிமத்தை அழிக்கிறது என்று சொல்லலாம், தவறில்லை. ஆனால் சமவெளியில் பாறையடுக்கைச் செங்குத்தாகத் திறந்து காட்டுவதும் அதே சுரங்கம்தான். ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சுரங்கச் சுவர் ஒரு திறந்த புத்தகம். அதற்குள் போக நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். வெட்டி முடித்து மழைநீர் நிரம்பிவிட்டால் கடிதம் இருந்தும் பயனில்லை, புத்தகம் தண்ணீருக்குள் போய்விடும்.

வேலியும் இல்லாமல் கவனிப்பும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கல்லமேடே சாட்சி. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் 1980களின் கடைசியில் 'புருஹத்காயோசரஸ் மட்லேயி' என்று பெயரிட்டு ஒரு பெரிய டைனோசரை அறிவித்தார்கள். பிருகத் காயம், அதாவது பெருத்த உடல். முதலில் ஊன் உண்ணியென்று கருதினார்கள். பின்னர் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகளில் சேர்க்கப்பட்டது. காலெலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம்! உலகிலேயே மிகப்பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. உதிரும் தன்மையுள்ள எலும்பு, பருவமழை. களத்திலேயே சிதையத் தொடங்கி, ஆய்வுத்துறையின் கைக்கு வந்து சேராமலே அழிந்துவிட்டது. பல ஆண்டுகள் வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் அது எலும்பா, கல்மரத் துண்டா என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 2022ல் பால், அய்யாசாமி இருவரும் களத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான் அந்தச் சந்தேகம் ஓரளவு அடங்கியது. ஒரு பிரம்மாண்ட உயிரின் மிச்சம் சில புகைப்படங்கள் மட்டுமே.

2009 அக்டோபரில் செந்துறையின் பெயரே உலகச் செய்தியானது. சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகள் கூட்டங்கூட்டமாகக் கிடைத்ததாக அறிவித்தார்கள். இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் உடனே எழுந்தது. இங்கேதான் ஒரு முரண். பாதுகாப்புக் கேட்க வேண்டுமானால் இடத்தைச் சொல்லியாக வேண்டும், சொன்னவுடன் கூட்டம் வரும். 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டையான பெரிய கற்கள் கிடைத்தபோதும் 'டைனோசர் முட்டை' என்று கைபேசி தோறும் படம் பரவியது. நேரில் பார்த்த புவியியலாளர்கள் அவை முட்டையல்ல, கடற்படிவு உருண்டைகள் என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கம் வதந்தி அளவுக்குப் பரவவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாறை ஏறுகிறவர்களுக்கும் இதே வழக்கு உண்டு. பெங்களூருக்கு அருகே ராமநகரத்துப் பாறைகள் (ஷோலே படத்தில் வருபவை) ஏறுகிறவர்கள் நெடுநாள் பழகிய இடம். அங்கே கழுகுகள் கூடு கட்டுவதால் 2012ல் ராமதேவர பெட்டா கழுகுச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, அந்தப் பாறைகளில் ஏறுவது நின்றது. பிரிட்டனில் வேறு வழி கண்டார்கள். ஏறுவோர் சங்கமும் பறவை ஆர்வலர்களும் பேசி, கூடு கட்டும் மாதங்களில் மட்டும் குறிப்பிட்ட பாறைகளை விட்டு ஒதுங்குகிறார்கள், குஞ்சு பறந்ததும் மறுபடி ஏறுகிறார்கள். பறவைக்குப் பருவம் உண்டு, அதனால் இந்தச் சமரசம் சாத்தியம். படிமத்துக்குப் பருவம் கிடையாது. ஏறுகிறவன் இறங்கியபின் பாறை அங்கேயே இருக்கும். பையில் போட்டுக்கொண்டு போன அம்மோனைட் திரும்பி வராது, எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவலும் அதோடு போய்விடும். அதே சமயம் யாரையும் விடாமல் பூட்டினால் கல்லமேட்டு எலும்பைப் போல மழையே தின்றுவிடும்.

இதற்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் நெடுங்காலம் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரியத் தளங்கள் மசோதாவின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. இடத்தை அறிவிப்பது, நிலத்தைக் கையகப்படுத்துவது, சேதப்படுத்தினால் தண்டிப்பது எல்லாம் அதில் உண்டு. சட்டம் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுவந்த தொல்லுயிர் ஆய்வாளர்களே அதைப் படித்துக் கவலைப்பட்டார்கள். அதிகாரம் முழுக்கப் புவியியல் ஆய்வுத்துறையிடம் குவிந்தால், பல்கலைக்கழகத்திலிருந்து சுத்தியலோடு வரும் மாணவன் ஒவ்வொரு ஓடைக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டுமே என்பது அவர்கள் வாதம்.

அரியலூர் அருகே வாரணவாசியில் அரசு புதைபடிம அருங்காட்சியகம் அமைத்திருக்கிறது. அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் பள்ளிப் பிள்ளைகள் இப்போது கல்கத்தா போகாமலே அங்கு பார்க்கலாம்.