சாம்பலில் குடைந்த வீடுகள்

1929ஆம் ஆண்டு. ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் கட்டடக்கலை பயின்ற இளைஞர் ஒருவர் கிரேக்க நாட்டிற்குப் பயணமானார். பெயர் பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி. வயது இருபத்து நான்கு. கட்டடக்கலை மாணவர் ஒருவர் கிரேக்கம் செல்வது அக்காலத்தில் புதுமையன்று. தலைமுறை தலைமுறையாக ஐரோப்பிய மாணவர்கள் ஏதென்ஸ் நகருக்குச் சென்று, குன்றின்மேல் நிற்கும் பார்த்தெனோன் கோவிலின் தூண்களை அளந்தும் வரைந்தும் வியந்தும் திரும்புவது வழக்கமே. ருடோஃப்ஸ்கியின் நாட்டமோ வேறு பக்கம் சென்றது. ஏஜியன் கடலில் சைக்லேட்ஸ் தீவுக்கூட்டத்தின் தென்பகுதியில் உள்ள சாந்தோரினி என்னும் சிறு தீவில் அவர் தங்கினார். அங்கே மாலுமிகளும் மீனவரும் திராட்சை பயிரிடும் உழவரும் வாழ்ந்த வீடுகளை அவர் ஆராய்ந்தார்.

அரண்மனைகளையும் ஆலயங்களையும் காணக் கடல் கடந்தோர் பலர். ஏழையின் வீட்டைப் பாடமாகக் கொள்ளக் கடல் கடந்தோர் சிலரே. அப்படிச் சென்ற ஒருவர் என்ன கண்டார்? அவர் கண்டது பின்னாளில் என்ன ஆயிற்று? இவ்விரு கேள்விகளையும் சற்றே சிந்திப்பது நமக்குப் பயன்தரும்.

எரிமலை தந்த நிலம்

சாந்தோரினியின் பழம்பெயர் தீரா. புனித இரேனேயின் பெயரால் இலத்தீன் மக்கள் அதனைச் 'சாந்தா இரினி' என்றழைக்க, அதுவே சாந்தோரினி என மருவியது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் இங்கே எரிமலை ஒன்று வெடித்தது. மனித வரலாறு அறிந்த மிகப் பெரும் வெடிப்புகளுள் அதுவும் ஒன்று. தீவின் நடுப்பகுதி கடலுக்குள் அமிழ்ந்துபோக, எஞ்சிய நிலம் பிறை நிலவைப்போல் வளைந்து நின்றது. பிறையின் உட்புறம் கடலிலிருந்து செங்குத்தாக, சில இடங்களில் 300 மீட்டர் உயரத்திற்கு எழும் மலைச்சுவர். அதன் உச்சியிலேதான் ஃபிரா, ஈயா முதலிய ஊர்கள் கூடு கட்டியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எரிமலை அன்றோடு ஓயவில்லை. 1650ஆம் ஆண்டு தீவின் வடகிழக்கே, கடலடியில் உள்ள கொலும்போ எரிமலை வெடித்தது. நச்சுக் காற்றால் மக்களும் கால்நடைகளும் மாண்டனர். தீவில் பணியாற்றிய பிரான்சுவா ரிஷார் என்னும் இயேசு சபைக் குரு, 1657இல் பாரிஸ் நகரில் வெளியிட்ட தமது நூலில் இந்நிகழ்ச்சியை எழுதி வைத்தார். ருடோஃப்ஸ்கி அங்கே சென்றதற்குச் சற்று முன்னர், 1925 முதல் 1928 வரையிலும்கூட, வளைகுடாவின் நடுவிலுள்ள எரிமலைத் திட்டு பலமுறை சீறியிருந்தது.

இத்தகைய நிலத்தில் மரம் அரிது; ஊற்று நீர் அரிது; விளைநிலமும் குறைவு. ஆனால் எரிமலை கொட்டிச் சென்ற நுரைக்கல்லும் சாம்பலும் பல மீட்டர் கனத்திற்குப் படிந்து கிடந்தன. அதை அழிவின் எச்சமாகவே பிறர் காண்பர். தீவின் மக்களுக்கோ அதுவே வீடாயிற்று.

குடைந்ததும் கட்டியதும்

சாம்பலும் நுரைக்கல்லும் இறுகிய அப்படிவத்தை மக்கள் 'அஸ்பா' என்பர். கைக்கருவியால் வெட்டுவதற்கு இணங்கும் அளவுக்கு மென்மை. வெட்டியபின் வளைந்த கூரையாக நிற்கும் அளவுக்கு உறுதி. எனவே மலைச்சரிவில் உள்நோக்கிக் குடைந்து வீடு அமைத்தனர். விறகும் விட்டமும் வாங்க இயலாத ஏழைக்கு இதைவிட மலிவான வீடு ஏது? வெயிலில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பும் மலையே தந்தது.

குகை வீட்டின் குறை வெளிச்சமே. அதற்கும் அம்மக்கள் வழி கண்டனர். வீட்டின் முகப்பு ஒடுக்கமானது. நடுவே கதவு, இருமருங்கும் சாளரங்கள், கதவின் மேல் ஒரு சிறு சாளரம். உள்ளே முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையிலுள்ள சுவரிலும் அதே அமைப்பைத் திரும்பச் செய்தனர். முகப்பில் நுழையும் ஒளி முன்னறையைக் கடந்து, இரண்டாம் சுவரின் திறப்புகள் வழியே, மலையின் வயிற்றுக்குள் இருக்கும் படுக்கையறை வரை சென்று சேர்ந்தது.

குடைய இயலாத இடத்தில் கட்டினர். அங்கும் மரம் இல்லாமையே அவர்களுக்கு ஆசானாயிற்று. தட்டையான கூரைக்கு விட்டங்கள் வேண்டும்; வளைவுக் கூரைக்கு வேண்டியதில்லை. கிடைத்த சிறிதளவு மரத்தாலும் சுள்ளிகளாலும் மண்ணாலும் தற்காலிகமாக ஓர் அச்சு அமைப்பார்கள். அதன்மேல் இலேசான எரிமலைக் கற்களைச் சாந்துடன் சேர்த்துப் பரப்புவார்கள். சாந்து இறுகியபின் அச்சை அகற்றினால், பீப்பாயைப் பாதியாய்ப் பிளந்து கவிழ்த்தாற்போல் கூரை நிற்கும்.

அந்தச் சாந்தில்தான் தீவின் மறைபொருள் அடங்கியிருந்தது. தீராவின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்தால் அது நீரிலும் இறுகிக் கல்லாகும். சுண்ணாம்புடன் செங்கற்பொடி சேர்த்துச் செய்யும் சுர்க்கிச் சாந்தை அறிந்தவர்களுக்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். 1859 முதல் 1869 வரை சூயஸ் கால்வாய் வெட்டப்பட்டபோது, கட்டுமானப் பணிக்காக இத்தீவின் மண் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது.

வளைவுக் கூரை தன் பாரத்தைக் கீழ்நோக்கி மட்டும் அனுப்புவதில்லை. பக்கச் சுவர்களை வெளிநோக்கியும் தள்ளும். எனவே வீடுகளைத் தோளோடு தோள் சேர வரிசையாகக் கட்டினர். ஒரு வீட்டின் தள்ளுதலை அடுத்த வீடு எதிர்த்துத் தாங்கியது. அண்டை வீட்டான் அங்கே உறவுக்கு மட்டுமல்ல, கூரைக்கும் துணையானான்.

கூரையின்மேல் விழும் மழைநீர் ஒரு துளியும் வீணாகாமல் நிலத்தடித் தொட்டிக்குச் சென்றது. அதே கைகள், அதே சாந்தைக் கொண்டு, அதே முறையில் ஆலயங்களையும் கட்டின. வெனீசியர் காலத்துக் கோட்டையான ஸ்காரோஸில் வாழ்ந்த கத்தோலிக்கர், அது சிதைந்தபின் ஃபிராவில் குடியேறி, அங்கே தங்கள் ஆலயத்தையும் மடங்களையும் அமைத்துக்கொண்டனர். எண்ணிக்கையில் மிகுந்த ஆர்த்தடாக்ஸ் மக்களின் குவிமாடக் கோவில்கள் தீவெங்கும் எழுந்தன. வழிபாட்டு முறை வேறாயினும் சாம்பலும் சுண்ணாம்பும் ஒன்றே.

ஆயினும் இதை ஏற்றத்தாழ்வற்ற ஊரென்று எண்ணிவிடலாகாது. ஈயாவில் கப்பல் தலைவர்கள் மலையின் உச்சியில் மாளிகை எழுப்பினர். அவர்களுடைய கப்பல்களில் உழைத்த மாலுமிகள் கீழே சரிவில் குகைகளில் வாழ்ந்தனர். இன்று உலகம் வியக்கும் வீடுகள் பெரும்பாலும் அந்தக் கீழ்வரிசையைச் சேர்ந்தவையே.

பெயரில்லாக் கொத்தனார்

தாம் கண்டவற்றைக் கொண்டு ருடோஃப்ஸ்கி 1931இல் வியன்னாவில் முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றை அளித்தார். தென் சைக்லேட்ஸ் தீவுகளில் வழங்கும் தொன்மையான கான்கிரீட் கட்டுமுறை என்பது அதன் பொருள். தலைப்பே ஒரு சவாலாக அமைந்தது. கான்கிரீட் என்பது புதுயுகத்தின் பொருள், பொறியாளரின் வெற்றி என்று ஐரோப்பா பெருமிதம் கொண்டிருந்த காலம் அது. எழுத்தறியாத கொத்தனார் அதன் மூத்த வடிவத்தைத் தந்தையிடமிருந்து கற்றுத் தலைமுறைகளாய்க் கையாண்டு வந்திருக்கிறார் என்பதை அந்த ஆய்வு எடுத்துரைத்தது.

சாந்தோரினியில் விழுந்த விதை முளைக்க நெடுங்காலம் ஆயிற்று. ஆஸ்திரியாவை விட்டு நீங்கி, இத்தாலியிலும் பிரேசிலிலும் பணியாற்றி, ருடோஃப்ஸ்கி இறுதியில் அமெரிக்காவில் தங்கினார். 1964இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'கட்டடக் கலைஞர் இல்லாத கட்டடக்கலை' என்னும் கண்காட்சியை அவர் நடத்தினார். உலகின் பல பகுதிகளில் பெயரறியா மக்கள் கட்டியவற்றின் படங்கள் அங்கே வைக்கப்பட்டன. கட்டடக்கலை வரலாறு என்ற பெயரில் எழுதப்படுவது ஆள்வோரும் செல்வரும் எழுப்பியவற்றின் வரலாறே. மக்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்ந்த வீடுகளுக்கு அதில் இடமில்லை என்பதே அவர் வைத்த குற்றச்சாட்டு. அதே பெயரில் வெளிவந்த நூல் பல நாடுகளின் மாணவர்களைச் சென்றடைந்தது.

குற்றச்சாட்டு நியாயமானதே. எந்தக் கட்டடத்தின் திறப்புவிழாக் கல்வெட்டை வேண்டுமாயினும் பாருங்கள். திறந்தவர் பெயர் இருக்கும். தலைமை தாங்கியவர் பெயர் இருக்கும். பொருள் தந்தவர் பெயர் இருக்கும். கல்லை வைத்தவரின் பெயர் இராது.

நிலம் அசைந்த நாள்

ஆனால் ஏழையின் வீட்டைப் புகழ்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. அழகைப் பார்க்கும் கண் அச்சத்தைப் பார்க்கத் தவறிவிடும்.

1956ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் அதிகாலை, தென் ஏஜியன் கடலில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு 7.5க்கும் மேல். சில நிமிடங்களில் மற்றொரு கடும் அதிர்ச்சி தொடர்ந்தது. கடல் பொங்கிக் கரைகளில் ஏறியது. சாந்தோரினியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கான வீடுகள் அழிந்தன. அதனினும் பன்மடங்கு வீடுகள் வாழத் தகாதனவாயின. கல்லும் சாந்தும் பாரத்தைத் தாங்குவதில் வலியவை. பக்கவாட்டில் இழுத்து உலுக்கினால் பிளந்துவிடும். உள்ளே இழுத்துப் பிடிக்க மரமோ இரும்போ இல்லாத வளைவுகளுக்கு அன்று துணையில்லை.

1967இல் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாத்தோஸ், தீவின் தென்பகுதியில் அக்ரோதிரி என்னுமிடத்தில் அகழாய்வு தொடங்கினார். பழம்பெரும் வெடிப்பின் சாம்பலில் புதைந்த ஊர் ஒன்று வெளிப்பட்டது. மாடி வீடுகள், சுவரோவியங்கள், அவற்றோடு கற்சுவர்களுக்கு இடையே மரச்சட்டங்கள் பொருத்தப்பட்டிருந்த அடையாளங்கள். நில அதிர்ச்சியைத் தாங்கச் சுவருக்குள் மரம் வேண்டும் என்பதை அம்முன்னோர் அறிந்திருந்தனர். அகழ்ந்த இடங்களில் வெடிப்பில் சிக்கி மாண்டவர்களின் உடல்கள் கிடைக்கவில்லை. முன்னறிகுறிகளைக் கண்டு அவர்கள் காலத்தோடு வெளியேறியிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. வீட்டை நேசிப்பதும் அறிவு. வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நேரத்தை அறிவதும் அறிவு.

1956க்குப் பின் கிரேக்க அரசு தீவை மீண்டும் கட்டியெழுப்பியது. அப்பணியில் முன்நின்ற இளம் கட்டடக் கலைஞர் கோஸ்தாஸ் தெக்கவாலாஸ், வளைவுக் கூரையைக் கைவிடவில்லை. பழைய வடிவத்தையே புதிய முறையில் கட்டி ஏழைக் குடும்பங்களுக்கு வீடுகள் அமைத்தார். கற்றவர் ஒருவர் கல்லாதவரிடம் பாடம் கேட்டு, அப்பாடத்தின் குறையையும் திருத்திய நிகழ்ச்சி அது. வெறுமனே வியந்து திரும்புவதைவிட இது மேலான மரியாதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

காலியான குகைகள்

எனினும் பலர் திரும்பவில்லை. வேலை தேடி ஏதென்ஸ் முதலிய இடங்களுக்குச் சென்றனர். மலைச்சரிவின் குகை வீடுகள் பாழடைந்து கிடந்தன. 1970களில் கிரேக்கத் தேசியச் சுற்றுலா நிறுவனம் ஈயாவின் கைவிடப்பட்ட வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினர் இல்லங்களாக்கியது. அழிவிலிருந்து அவற்றைக் காத்த நற்பணி அது என்பதில் ஐயமில்லை. ஆயின் காலப்போக்கில் விருந்தினர் பெருகினர், வீட்டுக்காரர் குறைந்தனர். 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஏறத்தாழ 15,500 மக்கள் வாழும் தீவிற்கு இன்று ஆண்டுதோறும் முப்பது இலட்சம் பேர் வரை வந்து செல்கின்றனர். மாலுமியின் குகை செல்வந்தரின் ஒருநாள் தங்குமிடமாயிற்று. தீவுக்குப் பணியாற்ற வரும் ஆசிரியரும் மருத்துவரும் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்காமல் அல்லலுறுகின்றனர்.

2025ஆம் ஆண்டு சனவரி இறுதியில் நிலம் மீண்டும் அதிரத் தொடங்கியது. பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான அதிர்வுகள் பதிவாயின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினர். அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அவ்வேளையில் அதிகாரிகள் இட்ட கட்டளைகளுள் ஒன்று, நீச்சல் குளங்களிலுள்ள நீரை வெளியேற்றிவிடுங்கள் என்பது. குளத்து நீரின் அசைவு கட்டடங்களைச் சிதைத்துவிடக்கூடும் என்ற அச்சமே காரணம்.

இச்செய்தியைப் படித்தபோது என் எண்ணம் அந்தப் பழைய நிலத்தடித் தொட்டிகளிடம் சென்றது. கூரையில் விழுந்த ஒவ்வொரு துளியையும் சேமித்துக் குடித்த மக்களின் சரிவில், அதே நீர் ஆடம்பரமாய்த் தேங்கி ஆபத்தாக மாறியிருந்தது. வளைவு அதே வளைவுதான். வெண்மை அதே வெண்மைதான். அவற்றை உருவாக்கிய அடக்கம் மட்டும் அங்கிருந்து குடிபெயர்ந்துவிட்டது.

ருடோஃப்ஸ்கி கற்கச் சென்றது ஒரு வடிவத்தை மட்டுமன்று. இல்லாததை எண்ணி ஏங்காமல் இருப்பதைக் கொண்டு வாழ்வது, அண்டை வீட்டின் தோளில் தன் கூரையைச் சாய்ப்பது, பின்னறையில் இருப்பவருக்கும் ஒளி சென்று சேரச் சுவரில் வழிவிடுவது ஆகியவையே அத்தீவின் பாடங்கள். வடிவத்தை யாரும் விலைகொடுத்து வாங்கிவிடலாம். பாடத்தை வாழ்ந்துதான் பெற வேண்டும்.