விஜய் ஐயர்

விஜய் ஐயர் (பிறப்பு: 26 அக்டோபர் 1971) அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர், இசையமைப்பாளர். தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தார். மூன்று வயதில் வயலின் பயிலத் தொடங்கினார். பியானோவைப் பெரும்பாலும் தாமே கற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்து, 1998இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

தெலோனியஸ் மங்க், டியூக் எலிங்டன் ஆகியோரின் தாக்கமும் கர்நாடகத் தாளக் கணக்குகளும் இவர் இசையில் கலந்துள்ளன. ஸ்டீஃபன் கிரம்ப் (பாஸ்), மார்கஸ் கில்மோர் (டிரம்ஸ்) உடன் வாசித்த ‘ஹிஸ்டாரிசிட்டி’ (2009) இசைத்தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கிட்டார் பிரசன்னா, தபலா நிதின் மிட்டா இணைந்த ‘தீர்த்தா’ (2011), கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் ஜாஸுக்குள் நுழைய ஏற்ற தொகுப்பு.

2013இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றார். 2014 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்.