தாய் எழுதிய பட்டியல்

ஒரு குழந்தைக்கு முழங்கால் வீங்கினால் வாதம் என்று வைத்தியர் சொல்லிவிடலாம். ஒரே ஊரில் பல குழந்தைகளுக்கு வீங்கினால்? இதைக் கேட்டவர் வைத்தியரல்ல, ஒரு தாய்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்து லைம் என்ற சிற்றூரில் வாழ்ந்த பாலி முர்ரே, தம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நோயுற்றவர்களைக் குறித்துவைத்து, 1975-ல் சுகாதார இலாகாவிடம் முறையிட்டார். யேல் சர்வகலாசாலை டாக்டர் ஆலன் ஸ்டியர் விசாரித்ததில் 51 நோயாளிகள் தெரியவந்தார்கள். 39 பேர் குழந்தைகள். மான் உண்ணியின்மேல் சந்தேகம் விழுந்தது. அதன் குடலில் சுருள் வடிவக் கிருமியை 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் கண்டார்.

இளம் உண்ணி கசகசா அளவுதான்; கடித்தால் வலிக்காது. ஆனால் நோயை ஏற்ற அதற்குப் பெரும்பாலும் ஒரு நாளாவது வேண்டும். காட்டோரம் போய்த் திரும்பியதும் உடம்பைச் சோதித்து, ஒட்டியிருப்பதை இடுக்கியால் தோலருகே பிடித்து நேராக இழுத்தெறிந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். இந்தச் சிறு ஜாக்கிரதைக்குப் பின்னால், மனப்பிரமை என்று ஒதுக்கப்பட்டும் ஓயாத ஒரு தாயின் பட்டியல் இருக்கிறது.