ஒரு வீடு, இரண்டு முத்திரைத் தீர்வை

வெளியூரில் வந்து குடியேறி, சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு ஃப்ளாட் வாங்கியவர்களுக்குத் தெரியும், பத்திரப் பதிவன்று முத்திரைத் தீர்வைத் தொகையைக் கேட்டதும் வயிற்றில் புளி கரைவது. அதை ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை கட்டு என்றால்? மார்க்க முறைப்படி வீடு வாங்க நினைத்த இங்கிலாந்து முஸ்லிம்களுக்கு 2003 வரை அதுதான் கதி.

வட்டி கூடாது என்பது இஸ்லாமிய நெறி. ஆகவே வங்கி கடன் தராது. வீட்டைத் தானே வாங்கி, லாபம் வைத்து, தவணையில் நமக்கு விற்கும். இது முராபஹா. வாடகைக்கு விட்டுக் கடைசியில் எழுதிக் கொடுத்தால் இஜாரா. எப்படியானாலும் வீடு இருமுறை கைமாறுகிறது, தீர்வையும் இருமுறை. சட்டம் யாரையும் குறிவைக்கவில்லைதான். சுமை மட்டும் ஒரு சாரார் தலையில்.

பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கவர்னராக இருந்த எடி ஜார்ஜ் இதில் அக்கறை காட்டினார். 2003 நிதிச் சட்டம் இரண்டாவது தீர்வையை நீக்கியது. வேடிக்கை என்னவென்றால், சட்டம் மதத்தின் பெயரையே சொல்லவில்லை. 2005இல் வந்த சட்டமும் 'மாற்று நிதி ஏற்பாடுகள்' என்றுதான் பேசியது. வெள்ளைக்காரன் சாமர்த்தியம்!

2004இல் இஸ்லாமிக் பேங்க் ஆஃப் பிரிட்டன் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் உண்மையான சோதனை நீதிமன்றத்தில் வந்தது. பஹ்ரைனின் ஷாமில் வங்கி, பணம் திரும்பவில்லையென்று வங்கதேசத்து பெக்ஸிம்கோ குழுமத்தின் மேல் வழக்குப் போட்டது. ஷரீஅத்தின் கோட்பாடுகளுக்கு உட்பட்டு இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும் என்பது ஒப்பந்தம். வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'இது வேஷம் போட்ட வட்டி, ஷரீஅத்படி செல்லாது, ஆகவே கட்ட வேண்டியதில்லை!' கையெழுத்துப் போடும்போது வராத பக்தி, கட்டும்போது வந்துவிட்டது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒப்பந்தத்தை ஆள்வது ஒரு நாட்டின் சட்டமாக இருக்க வேண்டும். ஷரீஅத் எந்த ஒரு நாட்டின் சட்டமும் அல்ல. பொதுப்படையாகப் பெயரைச் சொன்னால் போதாது என்றது. வங்கி ஜெயித்தது. ஆனால் பாருங்கள், இஸ்லாமிய வங்கி பிழைத்ததே ஷரீஅத்துக்கு அங்கே சட்ட அந்தஸ்து இல்லை என்ற தீர்ப்பால்தான்.

விஷயம் அதோடு ஓயவில்லை. 2009இல் குவைத்தின் இன்வெஸ்ட்மெண்ட் தார் நிறுவனம், தான் போட்ட ஒப்பந்தமே ஷரீஅத்துக்கு முரண், அப்படிச் செய்யத் தன் நிறுவன விதிகளே இடம் தரவில்லை என்று லெபனானைச் சேர்ந்த ப்ளோம் வங்கியிடம் வாதாடியது. இம்முறை லண்டன் நீதிபதி அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. விசாரித்துப் பார்க்க வேண்டிய வாதம்தான் என்றார்.