இசைத்தட்டின் ஊசி

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் நோக்கி மலையடிவாரத்தை ஒட்டிச் செல்லும் சாலையில் சிலமலை என்னும் ஊர் இருக்கிறது. மேற்கே நிமிர்ந்து நோக்கினால் ஏலமலைத் தொடர். அப்பக்கத்து ஊர்களில் மட்டுமல்ல, தமிழ்நாடெங்கும் பழைய வீடுகளின் பரண்களில் இசைத்தட்டுகள் இன்னும் கிடக்கின்றன. கறுத்துக் கனத்து, கீழே விழுந்தால் உடையும் தட்டுகள் சில. வளைத்தால் சற்றே வளையும் இலேசான தட்டுகள் சில. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதற்குரிய இரும்பு ஊசியைப் பின்னதன்மேல் வைத்துச் சுழற்றினால், அந்த ஒரே சுழற்சியில் பாட்டு பாழாகிவிடும். இது மிகையன்று. அந்த ஊசியின் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகிறேன்.

1877-ஆம் ஆண்டில் எடிசன் குரலைப் பிடித்து வைத்தது வெள்ளீயத் தாள் சுற்றிய ஓர் உருளையின்மேல். பேசுபவரின் குரலுக்கேற்ப ஊசி மேலும் கீழுமாக அசைந்து, அத்தாளில் மேடு பள்ளங்களை இட்டது. பத்தாண்டுகள் கழித்து, ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான தட்டைக் கைக்கொண்டார். அவருடைய ஊசி மேலும் கீழும் அசையவில்லை. இடமும் வலமுமாக அசைந்து, நெளிந்து செல்லும் ஒரு வரிப்பள்ளத்தை வரைந்தது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இரண்டு இடங்களில் இது நமக்குத் தேவைப்படும்.

தட்டு இந்தியாவுக்கு வந்த கதை பலரும் அறிந்ததே. 1902-இல் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்று, அங்கே தட்டுகளாக அச்சாகி, மீண்டும் கப்பலேறி வந்தன. 1908-இல் கல்கத்தாவின் சியால்தா பகுதியிலேயே தொழிற்சாலை எழுந்தது; 1928-இல் அது டம்டமுக்கு இடம் மாறியது. சென்னையில் ஏ. வி. மெய்யப்பன் 1930-களில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தின் வழியே ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். படத் தயாரிப்பாளராக நாம் அறிந்த அவருடைய வாழ்க்கை இசைத்தட்டு வாணிகத்தில்தான் வேர்விட்டது.

அந்தக் காலத்துத் தட்டுக்கு மூலப்பொருள் அரக்கு. அது நம் நாட்டின் சோட்டா நாகபுரிக் காடுகளில் பூச்சிகள் உண்டாக்குவது; உலகத்துப் பாடகர் அனைவரும் நம் காட்டு மரங்களின் பிசினில்தான் பாடினர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1942-இல், போரினால் கப்பல் வரத்துக் குறைந்தபோது, அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்குத் தரும் அரக்கை நூற்றுக்கு எழுபது பங்கு குறைத்துவிட்டது.

தட்டு தனி அரக்கினால் ஆனதன்று. அதனோடு கல்தூள் போன்ற கரடான தூளும் சேர்ந்திருந்தது. ஏன் என்பதில்தான் ஊசியின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. சாவி கொடுத்து முடுக்கும் கிராமபோனில் மின்சாரமே கிடையாது. ஊசியின் அசைவு ஒரு சிறு நெம்புகோல் வழியாக அப்பிரகத் தகடு ஒன்றை அதிரச் செய்யும். அத்தகடு இருக்கும் வட்டப் பெட்டிக்கு ஒலிப்பெட்டி என்று பெயர். அங்கு எழும் ஒலி குழலின் வழியே பெருகி வெளிவரும். அறை முழுதும் கேட்கத்தக்க ஒலியை வெறும் ஊசியின் அசைவே உண்டாக்க வேண்டும் என்றால், ஊசி பள்ளத்தில் பலமாக அழுந்த வேண்டுமன்றோ? ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேற்பட்ட எடையோடு தட்டின்மேல் அமர்ந்தது. எஃகு ஊசியின் முனையோ எல்லாத் தட்டுகளின் பள்ளத்துக்கும் அளவாக அமைந்ததன்று. தட்டிலுள்ள கரடான தூள் முதற்சில சுழற்சிகளிலேயே ஊசிமுனையைத் தேய்த்து, அப்பள்ளத்தின் வடிவுக்கு ஏற்பச் சீவிவிடும். அதாவது தட்டே தன் ஊசியைத் தானே தீட்டிக்கொண்டது.

ஆனால் பாட்டு முடிவதற்குள் ஊசி மேலும் தேய்ந்து, இருபுறமும் கூரிய விளிம்பு கொண்ட உளியாகிவிடும். ஆகையால் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. நாய் படம் போட்ட சிறு தகரப் பெட்டிகளில் ஊசிகள் விற்றதன் காரணம் இதுவே. நம் மக்களுடைய சிக்கனம் இங்கேதான் தீங்காய் முடிந்தது. ஒரே ஊசியைப் பத்துப் பதினைந்து பக்கங்களுக்கு வைத்து ஓட்டினர். பரணில் கிடக்கும் பழைய தட்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கருமை போய்ச் சாம்பல் பூத்த வளையங்கள் தெரிந்தால், அவை ஊசி உழுத இடங்கள். பாடகர் குரலை உயர்த்தும் இடங்களில் பள்ளத்தின் நெளிவு மிகுதி. அங்கேதான் தேய்மானமும் மிகுதி. எந்த இடத்தைக் கேட்க மக்கள் திரும்பத் திரும்ப ஊசியை வைத்தார்களோ அந்த இடமே முதலில் அழிந்தது.

இதன் இழப்பு எத்தகையது என்பதற்குச் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை எண்ணினால் போதும். அவர் 1933 டிசம்பரில், இருபத்தேழாம் வயதில், மறைந்தார். நாடக மேடையில் அவர் பாடியதைக் கேட்டவர் இன்று எவரும் இலர். எஞ்சியிருப்பவை அரக்குத் தட்டுகள் மட்டுமே. 1938-இல் காலமான வீணை தனம்மாள் தட்டில் விட்டுச் சென்றவையும் சிலவே. அத்தட்டுகளின் ஒவ்வொரு படியும் எத்தனை மழுங்கிய ஊசிகளைத் தாங்கியதோ, அத்தனைக்கத்தனை அக்கலைஞர்கள் நம்மைவிட்டு அகன்றிருக்கிறார்கள்.

1925-இல் ஒலிவாங்கி கொண்டு மின்முறையில் பதிவு செய்யும் வழக்கம் தொடங்கிற்று. பதிவில் மின்சாரம் புகுந்த பின்னரும் கேட்பதில் அது புக நெடுங்காலம் ஆயிற்று. ஊர்களில் மின்சாரம் இல்லையே! போடிக்கு 1928-இல் இரயில் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், பெரியாற்று நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் 1958-இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் வந்த ஊர்களில் சாவி முடுக்கும் பெட்டி ஒதுங்க, மின்விசையால் சுழலும் தட்டும், ஒலிபெருக்கியும், கூம்புக் குழாயும் வந்தன. கல்யாண வீட்டுப் பந்தலிலும் கோயில் கொடையிலும் மரக்கிளையில் குழாயைக் கட்டிவிட்டு ரிகார்டு போடுபவர், பார்க்கும் சிறுவர்களுக்கு ஒரு பெரிய மனிதராகவே தோன்றினார்.

இவருடைய கருவியில் ஒலிப்பெட்டி இல்லை. அதன் இடத்தில், தீப்பெட்டியினும் சிறிய ஓர் உறை இருந்தது. அதுவே கார்ட்ரிட்ஜ். ஊசியின் அசைவை ஒலியாக்குவதை விட்டு, மின்துடிப்பாக்குவதே அதன் தொழில். ஒலியைப் பெருக்கும் வேலையை வேறொரு கருவி ஏற்றுக்கொள்ளும். ஆகவே ஊசி அழுந்த வேண்டிய எடையும் குறைந்தது.

முதலில் பரவலாக வந்தவை படிகக் கார்ட்ரிட்ஜுகள். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். ரோஷெல் உப்பு என்னும் படிகம் இவ்வகையில் மிக வல்லது; ஒரு வோல்ட்டு அளவுக்கு மின்னழுத்தம் தரும்; விலையும் மலிவு. ஆனால் அது உப்பன்றோ! ஈரக்காற்றில் கசியும், வறண்ட காற்றில் நீரிழந்து பொடியும், 55 பாகை வெப்பத்துக்கு மேல் கெட்டே போகும். அடிவாரத்தில் கோடை வெயில், மேலே போடிமெட்டுச் சரிவில் மாதக்கணக்கில் மழைமூட்டம் என்றிருக்கும் ஒரு நாட்டுக்கு இதைவிடப் பொருந்தாத பொருளைத் தேடினாலும் காண்பது அரிது. பின்னர்ப் பேரியம் டைட்டனேட்டு முதலிய பீங்கான் வகைப் பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தன. ஈரத்துக்கும் வெயிலுக்கும் அவை அஞ்சுவதில்லை.

இதற்கிடையே தட்டே மாறிவிட்டது. 1948-இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே கால் சொச்சம் சுற்றும் நெடுந்தட்டை வெளியிட்டது. பொருள் அரக்கன்று, வினைல். கரடான தூள் அதில் இல்லை. பள்ளமும் மிகக் குறுகியது. 78 சுழற்சித் தட்டுக்கு ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரான். நெடுந்தட்டுக்கு 25 மைக்ரான். பின்னாளில் வந்த ஸ்டீரியோ தட்டுக்கு அதனினும் குறைவு. பெரிய ஊசியைச் சிறு பள்ளத்தில் வைத்தால் அது உள்ளே இறங்காமல் விளிம்புகளைச் சிதைக்கும். சிறிய ஊசியைப் பெரிய பள்ளத்தில் வைத்தால் அடியிலே கிடந்து தூசியை வாரிக்கொண்டு இரையும். பல நாடுகள் 78 சுழற்சித் தட்டைக் கைவிட்ட பிறகும் இந்தியாவில் அது அச்சாகி வந்தது. பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்களைக்கூட அவ்வடிவில் நம் நாடு வெளியிட்டது. இரண்டு வகைத் தட்டும் ஒரே வீட்டில் இருந்தமையால், இரண்டு ஊசிகள் கொண்டு, ஒரு சிறு பிடியைத் திருப்பினால் ஊசி மாறும் பீங்கான் கார்ட்ரிட்ஜுகள் இங்கே பெரிதும் பயன்பட்டன. அப்பிடியைத் திருப்ப மறந்தவர்கள் எத்தனை பேரோ!

ஸ்டீரியோ முறை 1957-58-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இருவேறு ஒலிகளைச் செதுக்கும் உத்தி அது. அதனால் ஊசி இடவலமாக மட்டுமின்றி மேலும் கீழுமாகவும் அசைய வேண்டியதாயிற்று. எடிசனின் அசைவும் பெர்லினரின் அசைவும் ஒரே பள்ளத்தில் கூடின என்று கொள்ளலாம். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பழைய ஒற்றைவழிக் கார்ட்ரிட்ஜுகள் பலவற்றில் ஊசி மேலும் கீழும் அசைய இடமில்லை. அவற்றை ஸ்டீரியோ தட்டின்மேல் வைத்தால் மேடுகளைச் சீவிக்கொண்டு செல்லும். சிலமலைக்குத் தெற்கே அதே அடிவாரத்திலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இசையமைத்து 1978-இல் வந்த ‘பிரியா’ படத்தின் பாடல்களைத் தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதற்பாடல்கள் என்பர். அத்தட்டைப் பழைய பெட்டியில் ஓட்டிப் பார்க்க எவரேனும் எண்ணினால், வேண்டாம் என்றே சொல்வேன்.

இனி, இன்று ஒருவர் சுழல்தட்டு வாங்கிக் கார்ட்ரிட்ஜைத் தேர்ந்து பொருத்துவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று நல்ல கருவிகளில் இருப்பவை காந்த வகையின. ஊசித்தண்டின் மறுமுனையில் சிறு காந்தம் இருந்து, நிலையான கம்பிச்சுருள்களின் நடுவே அசைந்தால் அது அசைகாந்த வகை. சுருளே அசைந்தால் அசைசுருள் வகை. டென்மார்க்கின் ஆர்ட்டஃபோன் நிறுவனம் 1948-இலேயே இவ்வகையைச் செய்தது. ஜப்பானிய வானொலிக்காக 1960-களின் தொடக்கத்தில் உருவான டெனான் டி.எல். 103 என்னும் அசைசுருள் கார்ட்ரிட்ஜ் இன்றளவும் விற்பனையில் இருப்பது வியப்பே. அசைகாந்தம் தருவது நான்கைந்து மில்லிவோல்ட்டு. அசைசுருள் தருவது அதில் பத்தில் ஒரு பங்கு. பீங்கான் வகைக்கென அமைந்த ஒலிபெருக்கியில் இவற்றை நேரே இணைத்தால் முனகல்தான் கேட்கும். முன்பெருக்கி ஒன்று வேண்டும். அது பதிவின்போது குறைத்த கீழ்க்கட்டையை உயர்த்தி, கூட்டிய மேற்கட்டையைத் தாழ்த்தவும் வேண்டும். வீட்டில் தொடங்குபவர்க்கு அசைகாந்த வகையே ஏற்றது என்பது என் கருத்து. ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். அசைசுருளில் அது இயலாது.

பொருத்தும் வேலை பொறுமையைக் கேட்பது. கார்ட்ரிட்ஜின் பின்புறம் நான்கு ஆணிகள் இருக்கும். வெள்ளையும் நீலமும் இடப்பக்கத்துக்கு. சிவப்பும் பச்சையும் வலப்பக்கத்துக்கு. ஊசியின் மேல்மூடியைக் கழற்றாமலே கம்பிகளைச் சிறு இடுக்கியால் செருகி, இரண்டு திருகுகளைத் தளர்வாக முடுக்கி நிறுத்த வேண்டும். இறுக முடுக்காததற்குக் காரணம் உண்டு. பதிவு செய்யும் எந்திரத்தின் வெட்டுளி தட்டின் விளிம்பிலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் செல்கிறது. நம் கருவியின் கையோ ஒரு முளையைச் சுற்றி வளைந்து செல்கிறது. ஆகவே ஊசி எல்லா இடத்திலும் பள்ளத்துக்கு நேராக நிற்க முடியாது. 1924-இல் பெர்சி வில்சன் என்னும் ஆங்கிலேயர் இக்கணக்கை ஆராய்ந்து, கையின் நுனியைச் சற்று உட்புறமாகச் சாய்த்து, ஊசி மையமுளையைச் சிறிது தாண்டி நிற்குமாறு அமைத்தால் பிழை மிகவும் குறையும் என்று காட்டினார். அவ்வாறு அமைத்தால் இரண்டே இடங்களில் பிழை அறவே நீங்கும். பெரிதும் வழங்கும் கணக்கின்படி அவ்விடங்கள் மையத்திலிருந்து 66, 121 மில்லிமீட்டர் தொலைவில் உள்ளன. அவ்விரண்டு புள்ளிகளும் கோடுகளும் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தட்டின் இடத்தில் வைத்து, ஊசியைப் புள்ளியில் இறக்கி, கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோடுகளுக்கு இணையாகும்வரை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். இரண்டு புள்ளிகளிலும் இணையான பின்னரே திருகுகளை இறுக்க வேண்டும்.

அடுத்தது எடை. கையின் பின்புறமுள்ள எதிர் எடையைத் திருகி, கை துலாக்கோல்போல் கிடையாக மிதக்கும்படி செய்து, அதைச் சுழியாகக் கொண்டு, செய்தவர் குறித்த எடையைக் கொடுக்க வேண்டும். அசைகாந்த வகைக்கு அது பெரும்பாலும் இரண்டு கிராம் அளவு. உலர்ந்த ஏலக்காய் ஏழெட்டின் எடை என்று சொல்லலாம். எடை குறையக் குறையத் தட்டுக்கு நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. எடை போதாத ஊசி பள்ளத்தின் சுவர்களிடையே துள்ளி மோதும். வைரத்தின் மோதலை வினைல் தாங்காது.

78 சுழற்சித் தட்டுகளையும் இதே கருவியில் கேட்கலாம். சுழல்தட்டில் அவ்வேகம் இருக்க வேண்டும், கார்ட்ரிட்ஜுக்கு அகன்ற முனை ஊசி கிடைக்க வேண்டும், அவ்வளவே. எடையைச் சற்றுக் கூட்டி, இடவல மின்வழிகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். பெர்லினரின் பள்ளத்தில் பாட்டு முழுவதும் இடவல அசைவில்தான் இருக்கிறது. மேல்கீழ் அசைவில் இருப்பது தூசியும் தேய்மானமும். வழிகளைச் சேர்த்ததும் பின்னது தன்னைத்தானே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பழைய தட்டுகளைப் பேணி வருகின்றன. இத்தகைய தட்டுகளை மறுபதிவு செய்பவர் ஒரே தட்டுக்குப் பல அளவு ஊசிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது வழக்கம். முன்னாளைய எஃகு ஊசி பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தையே தேய்த்திருக்கும்; அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ அமரும் முனை ஒன்று வாய்த்தால், இதுவரை எந்த ஊசியும் தொடாத சுவரிலிருந்து குரல் எழுகிறது.