கவென்ட்ரி: இடிந்தும் இடித்தும் எழுந்த நகரம்



நமது முன்னோர் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டினார்கள். அந்தப் பால் ஆலையில் உறைந்து, சீட்டாகிக் கப்பலேறியது. கடல் கடந்து போன அந்த ரப்பரில் பெரும்பங்கு டயர்களாக மாறிற்று. சைக்கிளும் மோட்டார் வண்டியும் பெருகியதால்தான் ரப்பருக்கு அத்தனை கிராக்கி வந்தது. அந்தச் சைக்கிளையும் மோட்டார் வண்டியையும் செய்து பெயர் பெற்ற நகரம் ஒன்று இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. அதன் பெயர் கவென்ட்ரி. லண்டனுக்கு வடமேற்கே சுமார் 90 மைல் தொலைவில் உள்ளது.

இன்றைய உரையில் இந்த நகரத்தின் நடுப்பகுதி, அதாவது கடைத்தெருவும் கோயிலும் மன்றமும் கூடியிருக்கும் பகுதி, காலந்தோறும் எப்படி மாறி வந்தது என்பதைப் பார்ப்போம். கவென்ட்ரி என்றாலே பலருக்கும் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுதான் நினைவுக்கு வரும். ஒரே இரவில் அந்த நகரம் அழிந்தது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. கவென்ட்ரியைப் பகைவர் ஒரு முறை இடித்தார்கள். அதை ஆண்டவர்களும் அங்கே வாழ்ந்தவர்களும் பல முறை இடித்தார்கள்.

முதலில் நகரம் தோன்றிய கதை. 1043ஆம் ஆண்டில் லியோப்ரிக் என்ற சிற்றரசரும் அவர் மனைவி கோடைவாவும் அங்கே ஒரு கிறிஸ்தவத் துறவியர் மடத்தை நிறுவினார்கள். இந்தக் கோடைவா சீமாட்டியைப் பற்றி ஒரு கதை உண்டு. மக்கள்மீது கணவர் சுமத்திய வரியைக் குறைக்க வேண்டி, நீண்ட கூந்தலே ஆடையாகக் குதிரைமேல் அவர் வீதிவலம் வந்தாராம். அந்தச் சீமாட்டி இறந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆன பிறகே இக்கதை எழுதப்பட்டது. ஆகவே வரலாற்று ஆசிரியர்கள் இதை நம்புவதில்லை. ஆனாலும் ஊர்மக்கள் அவரை மறக்கவில்லை. நகரின் நடுவேயுள்ள பிராட்கேட் சதுக்கத்தில் 1949ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அவருடைய சிலை இன்றும் நிற்கிறது.

மடத்தைச் சுற்றிச் சந்தை வளர்ந்தது. சந்தையைச் சுற்றி நெசவாளரும் சாயக்காரரும் குடியேறினார்கள். கவென்ட்ரியின் நீலச் சாயத் துணி வெளுக்காது என்று பெயர் வாங்கியது. வணிகர்கள் கைவினைச் சங்கங்களாகச் சேர்ந்து, 1340ஆம் ஆண்டு வாக்கில் புனித மேரி சங்க மண்டபத்தைக் கட்டத் தொடங்கினார்கள். பின்னர் நகரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அது முடிய ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆயின. அதற்கு 12 வாயில்கள். மூன்று தேவாலயங்களின் ஊசிக்கோபுரங்கள் வானளாவி நின்றதால், மூன்று கோபுர நகரம் என்றே அதை அழைத்தார்கள். அவற்றுள் உயரமானது புனித மைக்கேல் ஆலயத்தின் கோபுரம். அதன் உயரம் ஏறக்குறைய 295 அடி.

இனி இடிப்பின் கதைக்கு வருவோம். 1539ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களையெல்லாம் மூடினார். கவென்ட்ரி மடமும் மூடப்பட்டது. அதைச் சேர்ந்த பேராலயமும் இடிக்கப்பட்டது. அந்த நடவடிக்கையில் இங்கிலாந்தில் இடித்துத் தள்ளப்பட்ட ஒரே பேராலயம் இதுதான். அதன் கல்லை ஊரார் எடுத்துப்போய்த் தங்கள் கட்டடங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அடுத்து மதில். 1642ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டபோது, முதலாம் சார்லஸ் மன்னருக்கு நகரத்தார் வாயிலைத் திறக்க மறுத்துவிட்டார்கள். அவர் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும் அதை மறக்கவில்லை. 1662ஆம் ஆண்டு மதிலை இடிக்க ஆணையிட்டார். இன்று எஞ்சியிருப்பவை இரண்டு வாயில்களும் மதிலின் சில துண்டுகளும்தான்.

நேயர்களே, மதில் போனாலும் தொழில் போகவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பட்டு நாடா நெசவும் கடிகாரத் தொழிலும் ஓங்கின. நெசவாளர் வீடுகளின் மேல்மாடியில் பெரிய சன்னல்கள் வைத்த தறிக்கூடம் இருக்கும். கீழே குடும்பம் வாழும். ஆனால் 1860ஆம் ஆண்டு பிரான்சுடன் செய்த வணிக ஒப்பந்தத்தால் பிரெஞ்சு நாடாக்கள் வரியின்றி வந்து இறங்கின. கவென்ட்ரி நெசவாளர்களின் பிழைப்பு சரிந்தது. பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. எங்கோ போடும் கையெழுத்து ஒரு தொழிலாளி வீட்டு அடுப்பை அணைத்துவிடும் என்பதை அந்த ஊர் அன்றே கண்டது.

கடிகாரம் செய்து பழகிய விரல்களுக்கு நுட்பமான வேலை கைவந்த கலை. அங்கே தையல் இயந்திரம் செய்து வந்த ஒரு நிறுவனம் 1869ஆம் ஆண்டு சைக்கிள் செய்யத் தொடங்கியது. 1885ஆம் ஆண்டு ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் சங்கிலி சுழற்றும் சைக்கிளை வெளியிட்டார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் முன்னோடி அதுவே. மூன்றே ஆண்டுகளில், 1888இல், டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமம் பெற்றார். 1890களின் இறுதியில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையும் கவென்ட்ரியில் வந்துவிட்டது. டயருக்கு ரப்பர் வேண்டும். 1910ஆம் ஆண்டு ரப்பர் விலை உச்சத்துக்குப் போயிற்று. மலாயாவில் காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். கவென்ட்ரிப் பட்டறையில் சக்கரம் சுழன்றபோது நமது தோட்டத்தில் பால்கத்தியும் அசைந்தது.

1901ஆம் ஆண்டு சுமார் 70 ஆயிரம் மக்கள் வாழ்ந்த ஊரில், இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். நகரின் நடுவிலோ மரச்சட்டமிட்ட பழைய வீடுகளும், மேல்மாடி தெருவை எட்டிப் பார்க்கும் ஒடுக்கமான சந்துகளும் அப்படியே இருந்தன. கார் செய்யும் நகரத்தில் கார் போக வழியில்லை. ஆகவே நகர மன்றம் 1936ஆம் ஆண்டு ‘புட்சர் ரோ’ என்ற பழம்பெரும் கடைத்தெருவை இடித்தது. அங்கே டிரினிட்டி தெரு என்ற அகலமான சாலையைப் போட்டு, 1937இல் திறந்தது. கவனியுங்கள், அப்போது போர் வரவில்லை. ஒரு குண்டும் விழவில்லை.

1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொனால்ட் கிப்சன் என்ற இளம் கட்டடக் கலைஞர் நகர மன்றத்தில் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 30. அவரும் அவருடைய குழுவினரும் நகரின் நடுப்பகுதியை அடியோடு மாற்றத் திட்டம் வரைந்தார்கள். ‘நாளைய கவென்ட்ரி’ என்ற பெயரில் 1940ஆம் ஆண்டு மே மாதம் சங்க மண்டபத்தில் ஒரு கண்காட்சியும் நடத்தினார்கள்.

ஆறு மாதம் சென்றது. நவம்பர் 14ஆம் தேதி, நல்ல நிலவொளி. மாலை ஏழு மணிக்குப் பிறகு அபாயச் சங்கு ஊதிற்று. ஏறத்தாழ 500 ஜெர்மானிய விமானங்கள் அலை அலையாக வந்து, விடியும்வரை சுமார் 11 மணி நேரம் குண்டு பொழிந்தன. 550க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. 1918இல் பேராலயமாக உயர்த்தப்பட்டிருந்த புனித மைக்கேல் ஆலயத்தின் கூரைமீது தீக்குண்டுகள் விழுந்தன. தலைமைக் குருவும் இன்னும் மூவரும் தங்களால் ஆனவரை அணைத்துப் பார்த்தார்கள். கடைசியில் தண்ணீரும் தீர்ந்துபோயிற்று. கூரை எரிந்து விழுந்தது. சுற்றுச் சுவரும் ஊசிக்கோபுரமும் மட்டும் நின்றன.

மறுநாளே, ஆலயத்தை மீண்டும் எழுப்புவோம் என்று முடிவு செய்யப்பட்டது. கருகிக் கிடந்த இரண்டு உத்திரங்களை ஒரு கல்தச்சர் சிலுவையாகக் கட்டி நிறுத்தினார். பின்னர் பீடத்தின் பின்சுவரில் மன்னிப்பு வேண்டும் இரண்டே சொற்களைப் பொறித்தார்கள். எதிரியை மட்டும் மன்னிக்கும்படி அது கேட்கவில்லை. எல்லாரையும் சேர்த்தே கேட்டது.

நகரைத் திரும்பக் கட்டும் வேலை எளிதாக இருக்கவில்லை. எஃகும் செங்கல்லும் தட்டுப்பாடு. கிப்சனின் திட்டமோ புதுமையானது. கடைவீதிக்குள் வண்டியே வரக்கூடாது. மக்கள் அச்சமின்றி நடக்க வேண்டும். கடைகள் இரண்டடுக்காக இருக்க வேண்டும். மேலடுக்கிலும் நம் ஊர் அஞ்சடி போல ஒரு நடைபாதை ஓட வேண்டும். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வாசலில் கார் நிற்காவிட்டால் யார் வருவார்கள் என்று கேட்டார்கள். குறுக்குத் தெருவிலாவது வண்டி விட வேண்டும் என்று முதலில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1955ஆம் ஆண்டு கிப்சனுக்குப் பின் வந்த ஆர்தர் லிங், அதையும் நடப்போருக்கே ஆக்கினார். உலகம் முழுவதும் இன்று காணும் வண்டியில்லாக் கடைவீதிகளுக்கு முன்னோடியாக நின்றவற்றுள் இதுவும் ஒன்று. அந்த வீதியில் நின்று நிமிர்ந்தால் புனித மைக்கேல் கோபுரம் நேராகத் தெரியும். அப்படித் தெரியும்படியே கோடு கிழித்திருந்தார்கள். 1958ஆம் ஆண்டு, கூரைமேல் கார் நிறுத்தும் வட்ட வடிவச் சந்தைக் கட்டடமும் எழுந்தது.

பேராலயத்துக்கு 1950ஆம் ஆண்டு போட்டி அறிவித்தார்கள். 219 வரைபடங்கள் வந்தன. வென்றவர் பாசில் ஸ்பென்ஸ். எரிந்த ஆலயத்தை இடிக்கவும் வேண்டாம், பழையபடி பூசி மெழுகவும் வேண்டாம்; அது வானத்தைக் கூரையாகக் கொண்டு அப்படியே இருக்கட்டும்; பக்கத்தில் புதியதைக் கட்டி இரண்டையும் இணைப்போம் என்பதே அவருடைய எண்ணம்.

இங்கே நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டு நகர மன்றமே இந்தக் கட்டடத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று அமைச்சரிடம் முறையிட்டது. மக்கள் வீடின்றி இருக்கும்போது, பள்ளிக்கூடம் பற்றாதபோது, ஆலயத்துக்கு ஆளும் பொருளும் போகலாமா என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? கூரையில்லாதவனுக்குக் கூரையும் வேண்டும். நெஞ்சு உடைந்தவனுக்கு நிமிர்ந்து பார்க்க ஒன்றும் வேண்டும். அமைச்சர் அனுமதி கொடுத்தார். 1962ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி புதிய பேராலயம் அருட்பொழிவு செய்யப்பட்டது.

போர் முடிந்த பின்னும் இடிப்பு ஓயவில்லை. குண்டுக்குத் தப்பிய பழைய கட்டடங்கள் பல, புதிய சாலைக்கும் கடைக்கும் இடம்விட்டு மறைந்தன. 1974ஆம் ஆண்டு நிறைவேறிய சுற்றுச்சாலை நகரின் நடுப்பகுதியை வளையம்போல் சூழ்ந்தது. காலம் தாழ்த்தியாவது சிலர் விழித்துக்கொண்டார்கள். இடம் பெயர்க்க வேண்டியிருந்த மரச்சட்ட வீடுகள் சிலவற்றைக் கழற்றி எடுத்துவந்து, ஸ்பான் தெரு என்ற பழைய தெருவில் மீண்டும் பூட்டி நிறுத்தினார்கள்.

காலச் சக்கரத்தின் வேடிக்கையைப் பாருங்கள். ஒரு காலத்தில் புதுமை என்று போற்றப்பட்ட கிப்சன் காலத்துக் கட்டடங்களே பிறகு பழசாயின. வெறும் சிமெண்டுச் சுவர், அழகில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் 2009ஆம் ஆண்டு வட்டச் சந்தை பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தது. மறுபுறம், நகர நடுவின் தென்பகுதியில் போருக்குப் பின் கட்டிய கடைகளை இடித்துப் புதிய வீடுகள் எழுப்பும் திட்டத்துக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. 1936இல் எழுந்த அதே கேள்வி: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. வாழும் ஊர் மாறத்தான் செய்யும். ஒடுங்கிய சந்தில் பிள்ளை வளர்த்த தாய்க்குக் காற்றோட்டமான வீடு கிடைத்தால் அது நல்லதே. ஆனால் இடிக்குமுன் அங்கே யார் வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டு எழுதிவைப்பதற்கு அதிகச் செலவில்லை. எட்டாம் ஹென்றி இடித்த பேராலயத்தின் அடித்தளத்தை ஏறத்தாழ 460 ஆண்டுகளுக்குப் பின் மண்ணைத் தோண்டித்தான் காண முடிந்தது. எரிந்த ஆலயத்தின் சுவர்களைக் காண மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. இடிக்காமல் விட்டார்கள், அதனால் இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அதனுள் நடந்து, சுவரைத் தொட்டு, போர் என்றால் என்ன என்று ஆசிரியரைக் கேட்கிறார்கள்.

நேயர்களே, தோட்டங்கள் துண்டாடப்படும்போதும் லயங்கள் காலியாகும்போதும் இதே கேள்வி நம் வாசலுக்கும் வருகிறது. அப்போது கவென்ட்ரியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம், இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று இன்றே கேளுங்கள். பிள்ளைகளை எழுதிவைக்கச் சொல்லுங்கள்.